நாய்க்கு மஞ்சள்: எவ்வளவு, எப்படி, எப்போது கூடாது?

வாசகர் கேள்வி - கால்நடை மருத்துவர்கள் பதில்

சென்ற இதழில் வயதான நாய்களின் மூட்டுவலி பற்றிப் பேசும்போது, போகிற போக்கில் மஞ்சள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டோம். தபால் பையே மஞ்சளாகிவிட்டது. குமரி மாவட்டத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கடிதங்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, இந்த முறை மஞ்சளுக்கே பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் லேப்ரடாருக்கு ஒன்பது வயது, 38 கிலோ. காலையில் எழும்பும்போது பின்னங்காலை இழுக்கிறது. மழை நாளில் ரொம்ப மோசம். மாத்திரை எதற்கு, மஞ்சள் கொடுத்தால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கொடுக்கலாமா? எவ்வளவு?
- வாசகி, தக்கலை

கொடுக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, சேர்மானமாக.

மஞ்சள் தூளில் வீக்கத்தைத் தணிக்கும் சரக்கு குர்குமின். அது தூளில் சுமார் மூன்று சதவீதம்தான் இருக்கும். ரகத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அந்த மூன்று சதவீதமும் தண்ணீரில் கரையாது. குடல் அதைச் சிறிதளவே உறிஞ்சும், உறிஞ்சியதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியே தள்ளிவிடும். அதனால்தான் எண்ணெயும் நல்லமிளகும் சேர்க்கச் சொல்கிறோம். பெங்களூரில் 1998-ல் நடந்த ஆய்வில், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தபோது மனிதர் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு கூடியது. அதே ஆய்வில் எலிக்கு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியது. ஆகவே அந்த '20 மடங்கு' கணக்கை அப்படியே தூக்கி நாயின் தலையில் வைக்கக் கூடாது.

நாய்களிலும் சோதித்திருக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உள்ள 61 நாய்களை வைத்து, மஞ்சள் இனக் கிழங்குகளின் சாற்றை 8 வாரம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2003-ல் வெளியானது. கால் தரையில் ஊன்றும் விசையைக் கருவியில் அளந்தபோது, மருந்தில்லாத போலி மாத்திரை தின்ற நாய்களைவிடச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பரிசோதித்த மருத்துவர்களின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. கொஞ்சம் உதவலாம் என்பதற்கு மேல் மஞ்சளைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது.

அளவு: ஐந்து கிலோ எடைக்கு, தலைதட்டிய தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு தூள். ஒரு நாள் முழுவதற்கும் அவ்வளவுதான். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம் வரும். பத்துக் கிலோ நாய்க்குக் கால் தேக்கரண்டி, இருபதுக்கு அரை, உங்கள் நாய்க்கு ஒன்று. ஒரு தேக்கரண்டிக்கு மேல் எவ்வளவு பெரிய நாய்க்கும் வேண்டாம். முதல் வாரம் கால் பங்கில் தொடங்கி, மலம் இளகாமல் இருந்தால் மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். குர்குமின் உடம்பில் நெடுநேரம் தங்காது. காலை, இரவு என இரண்டாகப் பிரித்து, சாப்பாட்டில் கலந்துதான் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும்.

பலன் தெரிகிறதா என்று மனசை நம்பாதீர்கள். முதல் நாள் காலையில் நாய் படுத்த இடத்திலிருந்து எழும்புவதைப் பக்கவாட்டில் நின்று செல்போனில் பிடித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே இடம், அதே நேரம், இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். எட்டு வாரத்திலும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம்.

இனி நீங்கள் கேட்காத பதில். உங்கள் லேப்ரடாரின் பிரச்சினையில் பாதி அந்த 38 கிலோ. விலாப்புறத்தில் விரல்களை லேசாக ஓட்டும்போது எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடுதல். கொழுத்த நாய்களின் எடையைக் குறைத்துப் பார்த்த ஆய்வில், சுமார் 6 சதவீதம் இறங்கியதுமே நொண்டல் குறைந்தது. உங்கள் நாய்க்கு அது இரண்டே கால் கிலோ. சோற்றையும் மரச்சீனியையும் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டு, அந்த இடத்தில் வேகவைத்த பூசணிக்காயோ பீன்ஸோ போடுங்கள். இன்னொன்று, உங்கள் ஊர் மீன்காரரிடமே இருக்கிறது: சாளை. மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 நாயின் மூட்டுக்கு உதவும் என்பதற்கு மஞ்சளைவிட வலுவான சான்று உண்டு. உப்பு, புளி, மசாலா எதுவும் இல்லாமல் குக்கரில் முள் மசியும் வரை வேகவைத்து, வாரம் மூன்று நாள் இரண்டிரண்டு மீன் கொடுங்கள். பச்சையாக வேண்டாம்.

வலி அதிகமானால் வீட்டிலிருக்கும் பாரசிட்டமால், ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபெனாக் ஸ்பிரேயும் கூடாது. நாய் அதை நக்கும். மருத்துவர் ஏற்கெனவே மெலாக்சிகாம் போன்ற வலி மாத்திரை எழுதியிருந்தால், மஞ்சள் சேர்க்கப்போவதை அவரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள். மலம் தார்போலக் கறுத்தால் இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். அது வயிற்றுக்குள் ரத்தம் கசிவதன் அடையாளம்.

யூடியூபில் பார்த்து மஞ்சள் பேஸ்ட் செய்தேன். முதல் தடவை கட்டி கட்டியாக வந்தது. இரண்டாவது தடவை அடிபிடித்தது. 'கப்' என்று சொல்கிறார்களே, எந்தக் கப்? சரியான அளவு சொல்லுங்கள்.
- வாசகர், குலசேகரம்

கப்பை விடுங்கள். சமையல் தராசு இருந்தால் கிராமில் போங்கள், இல்லையென்றால் தேக்கரண்டி போதும்.

மஞ்சள் தூள் 30 கிராம், அதாவது தலைதட்டிய பத்துத் தேக்கரண்டி. தண்ணீர் 125 மில்லி. தேங்காய் எண்ணெய் 30 மில்லி. புதிதாகப் பொடித்த நல்லமிளகு அரைத் தேக்கரண்டி.

கட்டி விழக் காரணம், கொதிக்கும் தண்ணீரில் தூளைக் கொட்டியது. தூளின் மேல்பரப்பிலுள்ள மாவுச்சத்து சூட்டில் உடனே வெந்து உறைபோல மூடிக்கொள்ளும், உள்ளே உலர்ந்த தூள் அப்படியே நிற்கும். தூளைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கட்டியெல்லாம் உடைந்த பிறகே அடுப்பில் வையுங்கள். அடிபிடித்தது தீ கூடியதால். மிகக் குறைந்த தீயில், அடி கனத்த ஸ்டீல் பாத்திரத்தில், கரண்டியைக் கீழே வைக்காமல் ஏழிலிருந்து பத்து நிமிடம் கிளறுங்கள். ஐந்தாவது நிமிடம் கலவை திடீரென்று இறுகும். அப்போது பயந்து இறக்கிவிடாமல் ஒரு கை தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். கரண்டியால் கோடு இழுத்தால் இரண்டு நொடி பாத்திரத்தின் அடி தெரிய வேண்டும். அதுதான் பதம்.

இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு எண்ணெயும் மிளகும். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்துக் கலக்குங்கள். மொத்தமாக விட்டால் மேலே மிதந்து நிற்கும், ஒரு நாள் எண்ணெயும் மறுநாள் மஞ்சளுமாக நாய் தின்னும்.

முடிந்ததும் எடை சுமார் 150 கிராம் வர வேண்டும். கூடுதலாக இருந்தால் தண்ணீர் வற்றவில்லை, குறைவாக இருந்தால் அதிகம் வற்றிவிட்டது. 150 கிராம் வந்தால் கணக்கு சுலபம்: ஒரு தேக்கரண்டி பேஸ்ட்டில் ஏறக்குறைய ஒரு கிராம் மஞ்சள். பத்துக் கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு முக்கால் தேக்கரண்டி, இருபது கிலோவுக்கு ஒன்றரை. முதல் பதிலில் சொன்ன தூள் கணக்கும் இதுவும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கண்ணாடிக் குப்பியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஈரக் கரண்டி ஒரு முறை பட்டால் போதும், நம்மூர் ஈரக் காற்றில் நாலே நாளில் பூசணம் பூக்கும். மேலே வெள்ளையாகத் தெரிவது உறைந்த தேங்காய் எண்ணெயா பூசணமா என்று சந்தேகம் வந்தால், ஒரு துளியை விரலில் தேயுங்கள். எண்ணெய் உருகிவிடும். உருகாவிட்டால் குப்பியோடு கொட்டுங்கள்.

கணையம் வீங்கி ஒரு தடவை அவதிப்பட்ட நாய்க்கு இந்தப் பேஸ்ட் வேண்டாம். அதிலுள்ள எண்ணெய் அதற்கு ஆகாது.

மீன்குழம்பில் மஞ்சளும் இருக்கிறது, நல்லமிளகும் இருக்கிறது, தேங்காயும் அரைத்து விடுகிறோம். மிச்சக் குழம்புச் சோறுதான் எங்கள் நாய்க்கு. தனியாக மஞ்சள் எதற்கு?
- வாசகி, குளச்சல்

குழம்பில் இருக்கும் மஞ்சள் அல்ல கவலை, உள்ளியும் (வெங்காயம்) பூண்டும்தான். சின்ன உள்ளியோ பெரிய உள்ளியோ, பச்சையோ வதக்கியதோ, அரைத்துவிட்டதோ, எல்லாமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் உள்ளி ஒரே நாளில் போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். பூண்டு அதைவிடக் கடுமை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து, மூத்திரம் கட்டன் சாயா நிறத்தில் போகும். 'வருஷக்கணக்கில் தின்கிறது, ஒன்றும் ஆகவில்லை' என்பவர்கள் ஒருமுறை ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்க்கட்டும்.

மசாலா போடுமுன் இரண்டு துண்டு மீனைத் தனியாக வேகவைத்து எடுத்து வைத்துவிட்டால் தீர்ந்தது. வேலை அதிகமில்லை.

உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி மருத்துவர் 28 நாளைக்கு டாக்சிசைக்ளின் எழுதியிருக்கிறார். பிளேட்லெட் 60 ஆயிரம். உடம்பு தேறட்டும் என்று தினமும் மஞ்சள் பால் கொடுக்கிறோம். மாத்திரையையும் அதிலேயே கலந்துவிடுகிறோம். சரிதானே?
- வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. இன்றைக்கே நிறுத்துங்கள். இந்த ஒரு கடிதத்துக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம் என்று தோன்றியது.

நாய்க்கு பிளேட்லெட் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். உண்ணி கடத்தும் எர்லிச்சியா கிருமி முதலில் குறைப்பது அதைத்தான். 60 ஆயிரத்தில் இருக்கும் நாய்க்கு ரத்தம் உறைவதே சிரமம். மஞ்சளுக்கோ பிளேட்லெட்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும் குணம் உண்டு, ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சமையல் அளவில் ஆரோக்கியமான நாயை அது ஒன்றும் செய்யாது. பிளேட்லெட்டே இல்லாத நாயிடம் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

பாலில் இன்னொரு கெடுதல். பாலிலுள்ள கால்சியம் டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும், மருந்து முழுதாக ரத்தத்தில் ஏறாது. 28 நாள் கொடுத்தும் குணமாகவில்லை என்று திரும்பி வரும் நாய்களைப் பற்றி விசாரித்தால், பால், தயிர், கால்சியம் டானிக் என்று ஏதாவது ஒன்று இடையில் இருக்கும். மாத்திரையை ஒரு பிடி சோற்றில் உருட்டிக் கொடுத்து, பின்னாலேயே பத்து மில்லி தண்ணீரை ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய்ப் பக்கம் மெல்ல விடுங்கள். தண்ணீர் விடாவிட்டால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோ கால்சியமோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

தினமும் வெளிச்சத்தில் நாயை மல்லாத்தி அடிவயிற்றைப் பாருங்கள். குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள், ஈறில் ரத்தத் திட்டு, மூக்கில் ரத்தம் - எது தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். மாத்திரை முடிந்து, மறுபடி ரத்தம் பார்த்து, எண்ணிக்கை இரண்டு லட்சம் தாண்டிய பிறகு மஞ்சளைப் பற்றி யோசிக்கலாம்.

மஞ்சள் பூசினால் உண்ணி விழும் என்று எழுதிய மூவருக்கும் இங்கேயே பதில்: விழாது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஈரமும் சூடும் மாறி மாறி வரும் இடத்தில் உண்ணிக்கு ஓய்வே கிடையாது. மருத்துவர் தரும் உண்ணி மாத்திரையை எடைக்கு ஏற்ற அளவில், தேதி தவறாமல் கொடுப்பதோடு, கூட்டின் பலகை இடுக்கையும் சுவர் விரிசலையும் பாருங்கள். உண்ணி நாயின் மேல் வாழ்வதைவிட அங்கே வாழ்வதுதான் அதிகம்.

எந்த மஞ்சள் தூள் வாங்குவது? பாக்கெட்டா, கோட்டாறு கடையில் கிழங்கு வாங்கி அரைப்பதா? கலப்படத்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகர், வடசேரி

கிழங்கு வாங்கி அரைப்பது மேல். ஆனால் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பளபளக்கும் விரலி மஞ்சளை எடுக்காதீர்கள். நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் பூசுகிற பழக்கம் இந்த வியாபாரத்தில் உண்டு. ஈயம் நரம்பைத் தாக்கும், உடம்பிலே சேர்ந்துகொண்டே போகும். பத்துக் கிலோ நாய்க்கு அதன் எடையை வைத்துப் பார்த்தால், மனிதருக்குக் குழம்பில் போவதைவிடப் பல மடங்கு மஞ்சளை நாம் ஊட்டுகிறோம். ஈயமும் அதே மடங்கில்தான் போகும்.

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து இரண்டு கிழங்கைப் போடுங்கள். நல்ல கிழங்கு நிறம் விடாது. பூசிய கிழங்கு போட்ட உடனே தண்ணீரை மஞ்சளாக்கும். தூளானால் ஒரு தேக்கரண்டி போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் படியும்போது தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும், நிறமி கலந்தது அழுத்தமான மஞ்சளைப் படரவிடும். அயோடின் சொட்டு விட்டு மாவுக் கலப்படம் பார்ப்பது இதற்கு உதவாது; மஞ்சள் கிழங்கிலேயே மாவுச்சத்து இருப்பதால் சுத்தமான தூளும் நீலமாகும்.

அரைக்கப் போகும் மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். வத்தல் அரைத்த கையோடு மஞ்சளைப் போட்டால் முதலில் விழும் தூளில் காரம் ஏறியிருக்கும். நாய் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போவதற்கும், தின்றபின் வாந்தி எடுப்பதற்கும் பல நேரம் காரணம் மஞ்சள் அல்ல, அந்த வத்தல். அரிசிக்குப் பிறகு அரைக்கச் சொல்லுங்கள், முதல் இரண்டு கைப்பிடியை வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூளை வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். வெளிச்சம் குர்குமினைச் சிதைத்துவிடும்.

கஸ்தூரி மஞ்சள் பூச்சுக்கு உள்ளது. தின்னக் கொடுக்க வேண்டாம். பொங்கல் குலையிலிருந்து வெட்டிய பச்சை மஞ்சள் கொடுக்கலாம். காய்ந்தால் அது ஐந்தில் ஒரு பங்காகிவிடும் என்பதால், ஒரு கிராம் தூளுக்கு ஐந்து கிராம் பச்சைக் கிழங்கு என்று கணக்கு. தோல் சீவித் துருவி, கொஞ்சம் எண்ணெயில் வதக்கிச் சேருங்கள்.

மனிதர்கள் சாப்பிடும் குர்குமின் கேப்ஸ்யூல் வீட்டில் இருக்கிறது. 500 மில்லிகிராம்தான். அதைக் கொடுத்தால் பேஸ்ட் கிண்டும் வேலை மிச்சமாகுமே?
- வாசகி, பூதப்பாண்டி

அட்டையில் '95 சதவீதம்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த ஒரு கேப்ஸ்யூலில் 475 மில்லிகிராம் குர்குமின். தூளில் அவ்வளவு கிடைக்க ஏறக்குறைய 16 கிராம், அதாவது தலைதட்டிய ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வேண்டும். பத்துக் கிலோ நாய்க்கு நாம் சொன்னது கால் தேக்கரண்டி. இருபது மடங்கு!

அதோடு அதில் பைப்பரினும் சேர்த்திருப்பார்கள். பைப்பரின் கல்லீரலின் கழிவுப் பாதையை மந்தப்படுத்தித்தான் குர்குமினைத் தங்கவைக்கிறது. அந்தப் பாதையில் போகும் மற்ற மருந்துகளும் கூடவே தங்கிவிடும். வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை சாப்பிடும் நாய்க்கு இது விளையாட்டல்ல. இத்தகைய செறிவூட்டிய மாத்திரைகளால் மனிதருக்கே கல்லீரல் பாதிப்பு வந்தது மருத்துவப் பதிவுகளில் உண்டு. சப்பிச் சாப்பிடும் இனிப்பு வகையானால் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாய்க்கு அது விஷம்.

எந்தெந்த நாய்க்கு மஞ்சளே கூடாது என்று ஒரு பட்டியல் தந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்வேன்.
- வாசகர், அருமனை

ஒட்டிக்கொள்ளுங்கள். பித்தப்பையில் கல்லோ அடைப்போ உள்ளவை, ஏனென்றால் மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கவைக்கும். மூத்திரப்பையில் ஆக்சலேட் கல் வந்தவை. மஞ்சளில் கரையும் ஆக்சலேட் அதிகம், பொமரேனியன், ஷிட்சூ, லாசா வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவை, எலி மருந்து தின்றதாகச் சந்தேகம் உள்ளவை. இன்சுலின் போடும் நாய்கள். ரத்தசோகை உள்ளவை, மஞ்சள் உணவிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். சினை நாய், பால் கொடுக்கும் நாய், மூன்று மாதம் ஆகாத குட்டி. குடும்பக் கட்டுப்பாடு உட்பட எந்த அறுவைச் சிகிச்சையானாலும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பூனைக்கு? இந்தக் கணக்கு எதுவும் பூனைக்குச் செல்லாது. அதன் கல்லீரல் வேறு மாதிரி. விட்டுவிடுங்கள்.

பசுவின் மடிவீக்கத்துக்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் போட்டு நல்ல குணம் கண்டோம். நாயின் இடுப்பில் முடி கொட்டி, நீர் வடியும் புண் இருக்கிறது. அதையே போடலாமா?
- வாசகர், கருங்கல்

பசுவுக்குக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்ற அந்த முறை நல்ல முறைதான். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே பரப்பி வருகிறது. ஆனால் பசுவுக்கும் நாய்க்கும் ஒரு வித்தியாசம்: நாய் நக்கும். போட்ட ஐந்தாவது நிமிடம் சுண்ணாம்பு அதன் நாக்கில் இருக்கும், வாய் வெந்துபோகும். சூடம் கரைத்த எண்ணெயும் அப்படியே. புழுப்புண்ணுக்கு மாட்டில் போடுவார்கள், நாய் நக்கினால் வலிப்பு வரும். பினாயிலும் பெட்ரோலும் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது உண்மைதானே என்றால், ஆமாம். புண்ணுக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995-ல் காப்புரிமையே கொடுத்தார்கள். இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ஆனால் பாட்டி போட்டது வெட்டுக்காயத்தில். நீர் வடியும் புண்ணில் தூளை அப்பினால் மேலே அடை கட்டும், அடியில் சீழ் கோக்கும். இன்னொரு தொல்லை எங்களுக்கு: மஞ்சள் பூசி அழைத்து வந்தால் தோலின் சிவப்பு எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்கவே முடியாது.

புண்ணைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்கு முடியை வெட்டுங்கள். அரை லிட்டர் வெந்நீரில் முக்கால் தேக்கரண்டி உப்பு கரைத்து ஆறவைத்து, பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். போவிடோன் அயோடினை லேசான கட்டன் சாயா நிறத்துக்குத் தண்ணீர் கலந்து, தினம் இரண்டு வேளை ஒற்றி, காற்றில் உலரவிடுங்கள். கழுத்தில் கூம்புப் பட்டை கட்டாமல் இதில் எதுவும் பலிக்காது. இரண்டு நாளில் காயாவிட்டாலோ, ஒரு புழு கண்ணில் பட்டாலோ கால்நடை மருந்தகம்.

நாய் கடித்த இடத்தில் மஞ்சளும் நல்லெண்ணெயும் சூடாக்கி வைத்தார்கள். இது மனிதருக்கான கேள்விதான். இருந்தாலும் கேட்கிறேன்.
- வாசகி, இரணியல்

கேட்டது நல்லது. வைக்கக் கூடாது. வெறிநாய்க்கடிக் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போவது. புண்ணில் எதையாவது தேய்த்தால் அதை உள்ளே தள்ளியதாக ஆகும். குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். போவிடோன் அயோடின் விடுங்கள், கட்டுப்போட வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனை. தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். 'நம்ம வீட்டு நாய்தானே' என்று தள்ளிப்போடாதீர்கள்.

பேஸ்ட் தின்று தின்று எங்கள் வெள்ளைப் பொமரேனியனின் வாய்முடி மஞ்சளாகிவிட்டது. சோப்புப் போட்டால் சிவப்பாகிறது! மலமும் ஆரஞ்சு நிறம். பயமாக இருக்கிறது.
- வாசகி, நாகர்கோவில்

சிவப்பாவது குங்குமம் செய்யும் வித்தைதான். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், தண்ணீர் விட்டு அலசினால் திரும்பிவிடும். முதலில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தடவிக் கறையை இளக்கித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு நாய் ஷாம்பு போடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். பேஸ்ட்டைச் சோற்றுக்கு மேலே வைக்காமல் நடுவில் பொதிந்து வைத்தால் வாயில் படுவது குறையும். மலம் ஆரஞ்சு நிறமாக இருப்பதில் கெடுதல் இல்லை.

ஆனால் கண்ணின் வெள்ளை, ஈறு, காதின் உட்புறத் தோல் இந்த மூன்றும் மஞ்சளானால் அது நீங்கள் கொடுத்த மஞ்சள் அல்ல. எவ்வளவு தின்றாலும் மஞ்சள் தூள் அங்கே ஏறாது. அது காமாலை. மழைக்காலத்தில் வயல் தண்ணீரிலும் ஓடைத் தண்ணீரிலும் புரண்டு வந்த நாயென்றால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காமல் கையுறை போட்டுக்கொண்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள். பேஸ்ட் குப்பியையும் கையில் எடுத்துப் போங்கள். எவ்வளவு, எத்தனை நாளாக என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்கும்.